காசு எவ்வளவு போனது என்பதல்ல, யார் கையால் போனது என்பதுதான் கேள்வி: ஒரு தடயவியல் கணக்காய்வின் அனுபவம்

மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், அங்கத்தவர்களைக் கொண்ட ஒரு சிக்கன கடனுதவுக் கூட்டுறவுச் சங்கத்தில் பணக் கையாடல் வெளிப்பட்டபின் பொறுப்பேற்ற நிருவாக சபையினர் நாங்கள். சங்கத்தின் பெயரும் ஆட்களின் பெயரும் இங்கே வேண்டாம். கோயில் பரிபாலன சபை, பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபை, மீனவர் சங்கம் என்று யாருக்கு இதே நிலை வந்தாலும் கைகொடுக்கட்டும் என்று, வேலை நடந்த ஒழுங்கிலேயே எழுதுகிறோம்.

வருடாந்தக் கணக்காய்வு வேறு, தடயவியல் கணக்காய்வு வேறு. வருடாந்தக் கணக்காய்வாளர் மாதிரிக்குச் சில கொடுக்கல் வாங்கல்களை எடுத்துப் பார்த்து, நிதிக்கூற்றுகள் உண்மையும் நியாயமுமான தோற்றத்தைத் தருகின்றனவா என்று அபிப்பிராயம் சொல்வார். மோசடியைத் தடுப்பதும் கண்டுபிடிப்பதும் முதலில் நிருவாகத்தின் பொறுப்பு என்றுதான் இலங்கைக் கணக்காய்வு நியமம் 240 சொல்கிறது. தடயவியல் கணக்காய்வு ஒரு குறிப்பிட்ட சந்தேகத்தை எடுத்துக்கொண்டு, அதற்குரிய ஒவ்வொரு பதிவையும் தனித்தனியாகத் தொட்டு, நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணையைத் தாங்கும்படி எழுதப்படுவது. பொதுக்கூட்டத்தில் அங்கத்தவர்கள் கேட்டது “எவ்வளவு போயிற்று?” என்று. நீதிமன்றம் கேட்பது “அந்தக் காசு யாரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது, அதற்கு எழுத்து எங்கே?” என்று. இந்த இரண்டு கேள்விக்கும் இடையில்தான் பல வழக்குகள் விழுந்துபோகின்றன. விழுவதும் பெரும்பாலும் முதல் மூன்று நாட்களில் செய்யும் பிழைகளால்.

முதல் நாள் செய்ய வேண்டியது காசை எண்ணுவது. முன்னறிவித்தல் இல்லாமல், கந்தோர் திறக்கும் நேரத்தில், காசாளரையும் வைத்துக்கொண்டே எண்ண வேண்டும். 5,000 தாள் எத்தனை, 1,000 எத்தனை, சில்லறை எவ்வளவு என்று வகைவாரியாக எழுதி, எண்ணி முடிந்ததும் அதே காசைக் காசாளரிடமே திருப்பிக் கொடுத்து, “என் முன்னிலையில் எண்ணப்பட்டு முழுமையாகத் திரும்பப் பெற்றேன்” என்று ஒப்பம் வாங்க வேண்டும். இந்த ஒரு வரி இல்லாவிட்டால், எண்ணியவர்களே எடுத்தார்கள் என்று பிறகு ஒரு கதை வரும். அதே தாளில் கடைசியாக வெட்டிய பற்றுச்சீட்டின் இலக்கம், கடைசிக் காசோலையின் இலக்கம், பாவிக்காத பற்றுச்சீட்டுப் புத்தகங்களின் தொடக்க, முடிவு இலக்கங்கள் எல்லாம் ஏறட்டும். இறப்பர் முத்திரைகளையும் அன்றே பொறுப்பில் எடுக்க வேண்டும்.

எங்கள் விஷயத்தில் இந்த எண்ணிக்கைக்கு முன்பே ஒரு பெரிய பிழை நடந்துவிட்டது. சந்தேகம் கிளம்பிய அன்று இரவு, பழைய சபையில் சிலர் சம்பந்தப்பட்ட ஊழியரைக் கந்தோருக்குள் இருத்தி, “எழுதித் தந்தால் பொலிசுக்குப் போக மாட்டோம்” என்று சொல்லி ஒரு ஒப்புதல் கடிதம் வாங்கிவிட்டார்கள். அதை எல்லோரும் பெரிய சாட்சி என்று நம்பினார்கள். சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 24 ஆம் பிரிவின்படி, அதிகாரமுள்ள ஒருவர் ஆசை காட்டியோ பயமுறுத்தியோ வாக்குக் கொடுத்தோ பெற்ற குற்ற ஒப்புதல் குற்றவியல் வழக்கில் ஏற்கப்படாது. அந்தக் கடிதத்தால் பயன் இல்லாதது மட்டுமல்ல, மிரட்டினார்கள் என்ற எதிர்வாதத்துக்கு எதிர்த்தரப்புக்குக் கையில் ஒரு தாளும் கிடைத்தது. சந்தேக நபரிடம் பேசுவது கடைசி வேலை. ஆவணங்கள் எல்லாம் கைக்கு வந்தபின், பகலில், கதவைத் திறந்துவைத்து, இருவர் இருந்து, குறிப்பு எழுதிப் பேச வேண்டும். எழுந்து போக விரும்பினால் போகலாம் என்று முதலிலேயே சொல்ல வேண்டும்.

அடுத்தது மூல ஆவணங்களைக் காப்பது. சிவப்புப் பேனையால் சுற்றிப்போடுவது, “இது பொய்” என்று ஓரத்தில் எழுதுவது, துளையிட்டுக் கோவையில் போடுவது, பின் அடிப்பது எல்லாம் மூலத்தைக் கெடுக்கும். ஒவ்வொன்றையும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, உறைக்கு மேல்தான் இலக்கம் ஒட்ட வேண்டும். அந்தத் தாளின் மேல் வேறு தாளை வைத்து எழுதவும் கூடாது. அழுத்தம் கீழே பதியும். ஏற்கனவே பதிந்திருக்கும் எழுத்தின் தடத்தை நிபுணர் வாசிக்கும் வாய்ப்பும் அதனால் போய்விடும். காசு வைப்பு இயந்திரம் தரும் துண்டு வெப்பத்தாளில் அச்சாவது. எங்கள் ஊர் வெக்கையில் சில மாதங்களில் வெளிறிவிடும். கிடைத்த அன்றே நிழற்பிரதி எடுக்க வேண்டும். மாரி வெள்ளத்தில் நனைந்த பேரேடுகளை வெயிலில் விரிக்க வேண்டாம், மை வெளிறி ஏடுகள் சுருங்கிவிடும். நிழலில், காற்றாடிக் காற்றில், ஏடுகளுக்கு இடையே மை உறிஞ்சும் தாள் வைத்து ஆறவிட வேண்டும்.

இதற்கெல்லாம் ஒரு கட்டுக்காவல் பதிவேடு வேண்டும். பொருளின் இலக்கம், எங்கே இருந்தது, யார் எடுத்தார், எந்தத் திகதி, எத்தனை மணிக்கு, யாரிடம் கொடுத்தார், இருவரின் ஒப்பம். காவல் சங்கிலி என்று சட்டத்தரணிகள் சொல்வது இதைத்தான். ஒரு கண்ணி விட்டுப்போனாலும் அந்த இடைவெளியில் யாரோ திருத்தினார்கள் என்று கேள்வி வரும். கணினியும் அப்படியே: அணைந்திருந்தால் அணைந்தபடியே இருக்கட்டும். “ஒருக்கா திறந்து பார்ப்பம்” என்று திறந்தால் கோப்புகளின் திகதிகள் மாறும். வன்தட்டை எழுத்துத் தடுப்பான் (மூலத்தில் எதுவும் எழுதப்படாமல் காக்கும் கருவி) கொண்டு முழுப்பிரதி எடுத்து, மூலத்துக்கும் பிரதிக்கும் ஹாஷ் பெறுமானம் (உள்ளடக்கத்திலிருந்து கணிக்கும் கைரேகை போன்ற இலக்கம்) ஒன்றே என்று அறிக்கையில் காட்ட வேண்டும்.

வங்கியிடமிருந்து கூற்று மட்டும் போதாது. சபைத் தீர்மானத்தின் சான்றுப்படுத்திய பிரதியுடன் கடிதம் கொடுத்து, கொடுப்பனவான காசோலைகளின் முன்பக்கம் பின்பக்கம் இரண்டினதும் படிமங்களைக் கேட்க வேண்டும். இலங்கையில் 2006 முதல் காசோலைகள் படிமமாகவே வங்கிகளுக்கிடையிலான தீர்ப்பனவுக்குப் போவதால் அவை கிடைக்கும். யார் பெயரில் வைப்பாயிற்று என்பதைப் பின்பக்கப் புறக்குறிப்புத்தான் (காசோலையின் பின்னால் உள்ள எழுத்தும் ஒப்பமும்) சொல்லும். வைப்புச் சீட்டுகளின் பிரதிகளையும் சேர்த்துக் கேளுங்கள். பற்றுச்சீட்டுகளில் முழுவதும் காசாக வாங்கிய நாளில் வைப்புச் சீட்டில் பாதி காசோலையாக இருந்தால், யாரோ ஒருவரின் காசோலை காசுக்குப் பதிலாக உள்ளே போயிருக்கிறது என்று பொருள்.

கணக்காய்வுக் குழு எடுத்த சோதனைகளில் மிகவும் பலன் தந்தது எந்த மென்பொருளும் அல்ல, வேளாண்மைக் காலண்டர். எங்கள் அங்கத்தவர்களில் பெரும்பகுதி வயற்காரர். பெரும்போகம் விதைப்பது மாரி தொடங்கும்போது, வெட்டுவது பெப்ரவரி, மார்ச்சில். கடன் காசு திரும்பி வருவதும் அப்போதுதான். பிறகு சிறுபோக வெட்டோடு ஆகஸ்ட், செப்டெம்பரில். நவம்பர் முதல் ஜனவரி வரை வயற்காரன் கையில் பசளைக்குக்கூடக் காசு இருக்காது. பேரேட்டிலோ அந்த மூன்று மாதங்களிலும் கடன் தவணைகள் ஒழுங்காக ஏறியிருந்தன. படுவான்கரையில் ஒரு அம்மாவிடம் இதைக் கேட்டபோது, “மாரிக்க எங்களுக்கு ஏது காசு மனே?” என்றார். அவருடைய பாஸ் புத்தகத்தில் அந்தப் பதிவுகள் இல்லை.

நடந்தது இதுதான். மார்ச் 3 இல் ஒருவர் கட்டிய 20,000 ரூபாய் ஏட்டில் ஏறவில்லை. மார்ச் 19 இல் இரண்டாமவர் கட்டிய 20,000 முதலாமவர் பெயரில் ஏறுகிறது. ஏப்ரல் 2 இல் மூன்றாமவருடையது இரண்டாமவருக்கு. எந்த அங்கத்தவருக்கும் நிலுவை பிழையாகத் தெரியாது, பதிவுதான் சில வாரம் பிந்தும். ஒருவரின் காசால் மற்றவரின் ஓட்டையை மூடும் இந்த உருட்டலுக்குப் புதுக்காசு வந்துகொண்டே இருக்க வேண்டும். மாரியில் வராது. ஆகவே நவம்பரில், இயங்காத கணக்குகளின் பெயரில் கடன் போட்டு, அந்தக் காசைத் தவணைகளாகப் பிரித்து ஏற்றியிருந்தார்கள். அதில் ஒரு கடன், கடன் திகதிக்கு முன்பே இறந்துபோன ஒருவர் பெயரில் இருந்தது. பிரதேச செயலகத்தில் பெற்ற இறப்புச் சான்றிதழின் அத்தாட்சிப் பிரதியே அதற்குச் சாட்சி. பாஸ் புத்தகத் திகதி, பேரேட்டுத் திகதி, தாமத நாட்கள் என்று மூன்று நிரல்கள் போட்டதும் முழுக்கதையும் ஒரே பக்கத்தில் தெரிந்தது.

ஊருக்குள் போன பற்றுச்சீட்டுகள் இரண்டாவது புத்தகத்திலிருந்து வந்தவை. சங்கத்தின் இருப்புப் பதிவேட்டில் உள்ள புத்தகங்களையும் அச்சகத்தின் விலைப்பட்டியலையும் ஒப்பிட்டபோதுதான் ஒரே இலக்கத் தொடரில் மேலதிகப் புத்தகங்கள் அடித்தது தெரிந்தது. அச்சகத்துக் கணக்கைக் கேட்க மறக்காதீர்கள்.

புனைந்த தொகைகளைத் தேடப் பாவிக்கும் பென்ஃபோர்ட் விதியையும் ஓட்டிப் பார்த்தோம். இயல்பாகத் திரண்ட தொகைகளில் முதல் இலக்கம் 1 ஆக வருவது சுமார் 30.1 வீதம், 9 ஆக வருவது 4.6 வீதம். 25,000, 50,000 என்று வரையறுத்துக் கடன் கொடுக்கும் சிறு சங்கத்தில் அது பெரிதாக எதையும் சொல்லாது. அதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

அங்கத்தவர் நிலுவையை உறுதிப்படுத்தும்போது பேரேட்டுத் தொகையைச் சொல்லி “சரிதானே?” என்று கேட்கக் கூடாது. மரியாதைக்காக ஓம் என்று விடுவார்கள். தொகை எழுதாத படிவத்தைக் கொடுத்து, அவர்கள் புத்தகத்தில் உள்ளதை அவர்களே எழுதி ஒப்பமிட விட வேண்டும். குருமண்வெளியில் பாதை (வாவியைக் கடக்கும் மிதவை) ஏறி மண்டூர்ப் பக்கம் வீடு வீடாகப் போய்த்தான் இந்த வேலை முடிந்தது. தபாலில் அனுப்பியவை அதிகம் திரும்பவில்லை. இந்த அலைச்சல் வீணல்ல. கணக்கேட்டுப் பதிவுகள் மட்டும் ஒருவர்மீது பொறுப்பைச் சுமத்தப் போதாது என்று சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 34 ஆம் பிரிவு சொல்கிறது. ஏட்டுக்கு வெளியே உள்ள பாஸ் புத்தகமும் வாய்ச்சாட்சியும் வங்கிப் பதிவும் சேர்ந்தால்தான் ஏடு நிற்கும்.

இனிச் சொற்கள். ஊரில் எல்லாவற்றுக்கும் “களவு” என்போம், முறைப்பாட்டில் அப்படி எழுதினால் வழுக்கும். தண்டனைச் சட்டக்கோவை 386 நேர்மையற்ற கையாடல்: வேறொருவரின் அசையும் சொத்தைத் தனதாக்குவது. 388 குற்றமுறையான நம்பிக்கைத் துரோகம்: நம்பி ஒப்படைத்த சொத்தை நேர்மையற்று மாற்றுவது. அதற்குத் தண்டனை 389 இல், எழுதுவினைஞர் அல்லது பணியாளர் செய்தால் 391 இல். 398 ஏமாற்றுதல்: பொய் சொல்லி நம்பவைத்துச் சொத்தைக் கொடுக்கத் தூண்டுவது. இறந்தவர் பெயரில் கடன் விண்ணப்பம் போட்டுச் சபையை அங்கீகரிக்க வைத்தது இதற்குள் வரும். 452 போலி ஆவணம் புனைதல், 459 போலியென்று அறிந்தே அதை மெய்யானதாகப் பாவித்தல், 467 கணக்குகளைப் பொய்யாக்கல்.

இவற்றில் எங்களை அதிகம் வருத்தியது 388 இல் உள்ள “ஒப்படைப்பு”. நியமனக் கடிதம் இருந்தது, கடமைப்பட்டியல் இல்லை. ஒரே லாச்சியை இருவர் பாவித்த மாதங்களும் இருந்தன. அந்த மாதங்களின் குறைவை யாருடைய கையோடும் கட்ட முடியவில்லை. அறிக்கையில் அவை “பொறுப்பு நிர்ணயிக்க முடியாத குறைவு” என்று தனியாகவே நின்றன. தொகை குறைந்தாலும் அதுவே நேர்மை. எல்லாவற்றையும் ஒருவர் தலையில் போட்டிருந்தால் குறுக்கு விசாரணையில் முழு அறிக்கையும் ஆடியிருக்கும். நல்ல கணக்காய்வாளர் “இவர் திருடினார்” என்று எழுத மாட்டார். “இந்தத் தொகை இவர் ஒப்பமிட்ட பற்றுச்சீட்டால் பெறப்பட்டது, காசேட்டிலும் வங்கியிலும் இல்லை” என்பதோடு நிறுத்துவார். குற்றமா என்பதை முடிவுசெய்வது நீதிமன்றம்.

கூட்டுறவுச் சங்கத்தின் சொத்து 1982 ஆம் ஆண்டு 12 ஆம் இலக்கப் பொதுச் சொத்துகள் மீதான குற்றங்கள் சட்டத்தில் பொதுச் சொத்தாகும். இது பலருக்குத் தெரியாது. தொகை சட்டம் குறிக்கும் எல்லைக்கு மேல் என்று உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத அதிகாரி சான்றிதழ் கொடுத்தால், விதிவிலக்கான காரணம் இன்றிப் பிணை கிடைக்காது. குற்றப்பணம் சொத்தின் பெறுமதியைப் போல் மூன்று மடங்காகும். இந்தச் சட்டத்தைப் பழிவாங்கும் ஆயுதமாகக் கையில் எடுக்கக் கூடாது. தொகையை ஆவணத்தால் உறுதிப்படுத்திய பிறகே பேச வேண்டும்.

குறைந்த தொகைகளின் அட்டவணை தயாரிக்கும்போது இன்னொன்று. நம்பிக்கைத் துரோகத்துக்கு ஒவ்வொரு தடவையாகக் குற்றச்சாட்டுப் போடாமல் மொத்தத் தொகையைச் சொல்லலாம். ஆனால் முதல் திகதிக்கும் கடைசித் திகதிக்கும் இடையே ஒரு வருடத்துக்கு மேல் போகக்கூடாது. எங்கள் முதல் வரைவில் எல்லா வருடமும் ஒரே கூட்டுத்தொகையாக இருந்ததால் முழுவதையும் பன்னிரண்டு மாதக் கட்டங்களாக வெட்டித் திரும்ப எழுத வேண்டியதாயிற்று. ஆரம்பத்திலேயே அப்படிப் போடுங்கள்.

ஒப்பங்களை ஒப்பிடுவது கணக்காய்வாளரின் வேலை அல்ல. நீதவான் நீதிமன்றக் கட்டளையோடு அவை பத்தரமுல்லை அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்தின் ஆவணப் பரிசோதகரிடம் போகும். அப்போது கேட்பது, அதே காலத்தில் அந்த ஆள் வேறு தேவைக்கு இயல்பாக இட்ட ஒப்பங்களை. வரவுப் பதிவேடு, சம்பளப் பட்டியல், பழைய விடுமுறை விண்ணப்பம் எல்லாம் அதற்கு உதவும். நிழற்பிரதியில் பேனை அழுத்தம் தெரியாது, மூலமே வேண்டும்.

கணினிப் பதிவுகளைச் சாட்சியாகக் கொடுப்பதானால் 1995 ஆம் ஆண்டு 14 ஆம் இலக்கச் சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டப்படி வழக்கு விளக்கத்துக்குக் குறைந்தது 45 நாட்களுக்கு முன் எதிர்த்தரப்புக்கு அறிவித்தல் போக வேண்டும். இதைச் சட்டத்தரணிக்கு நினைவூட்டிக்கொண்டே இருங்கள். குற்றவியல் வழக்குக்கு 20 வருட எல்லை இருப்பதால் அவசரமில்லை என்று எண்ணிவிட வேண்டாம். காசைத் திரும்பப் பெறும் குடியியல் வழக்குக்கு எழுத்து ஒப்பந்தமானால் 6 வருடம், எழுத்தில்லாததற்கு 3, நட்டஈட்டுக்கு 2 வருடம்தான். குற்ற வழக்கு முடியட்டும் என்று காத்திருந்தவர்களுக்கு இரண்டாவது கதவு மூடிப்போகிறது.

சாட்சிக் கூண்டில் ஏறும் நாளில் அறிக்கையை மட்டும் கொண்டுபோகாதீர்கள். கட்டுக்காவல் பதிவேடும், மூல ஆவணங்களும், காசு எண்ணிய முதல் நாள் தாளும் அதே ஒழுங்கில் கையில் இருக்க வேண்டும். எங்களிடம் முதலில் கேட்டது அந்தத் தாளைத்தான்.