தோட்டத்தில் காய்கறிக் காணிக்கு நிதி கேட்பது: காணிக் கடிதம் முதல் டொலமைட் வரை

என்ன பயிரிடுவது, என்ன உண்பது என்பதை மக்களே முடிவு செய்யும் உரிமைதான் உணவு இறைமை. அந்தக் கோரிக்கையை லா வியா கம்பசீனா விவசாயிகள் இயக்கம் 1996இல் ரோமில் உலக உணவு மாநாட்டின்போது முன்வைத்தது. 2025 செப்டெம்பரில் உணவு இறைமைக்கான மூன்றாவது நியெலேனி உலக மன்றம் நம் கண்டியிலேயே கூடியது. இன்று திட்ட முன்மொழிவு எழுதுகிறவர்கள் எல்லோரும் அந்தச் சொல்லை முதல் பக்கத்தில் போட்டுவிடுகிறார்கள். விண்ணப்பத்தைத் தூக்கி நிறுத்துவது அதுவல்ல. காணி யாருடையது, பணத்தில் யார் கையொப்பம் வைப்பது, என்ன பயிரிடுவது என்று முடிவு செய்வது யார் ஆகிய மூன்றுக்கும் தாளில் பதில் இருக்க வேண்டும். மலையகத்தில் முதல் கேள்வியிலேயே பாதி விண்ணப்பங்கள் விழக்கூடும்.

லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) முன்னால் இருக்கும் துண்டு நிலமும், விட்டுக்கிடக்கும் தேயிலை மலையும் நம் பெயரில் இல்லை. காணி அரசுடையது. ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் ஆகிய இரு அரச நிறுவனங்களும் வைத்திருந்த தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் பிராந்தியக் கம்பனிகளிடம் போனது. பின்னர் நீண்டகாலக் குத்தகையானது. ஆகவே தோட்டத்துத் துரை (முகாமையாளர்) வாயால் "செய்யுங்க" என்பது அனுமதியாகாது. துரை மாற்றலாகிப் போனால் அந்த வார்த்தையும் கூடவே போய்விடும். கம்பனியின் கடிதத் தலைப்பில், பதவி முத்திரையோடு கடிதம் வேண்டும். அதில் டிவிஷன் பெயர், மலை (தேயிலைத் துண்டு) நம்பர், பரப்பளவு மூன்றும் இருக்க வேண்டும். அனுமதிக் காலம் திட்ட காலத்தைவிடக் குறைந்தது இரண்டு வருடம் கூட இருக்கட்டும். காணியைத் திருப்பிக் கேட்டால் நிற்கிற பயிரை அறுவடை செய்ய அவகாசம் உண்டு என்றும், எந்த ஊற்றிலிருந்து தண்ணீர் எடுக்கலாம் என்றும் எழுதி வாங்குங்கள். தண்ணீரைப் பற்றிய அந்த ஒரு வரியைத்தான் பலர் எழுத மறக்கிறார்கள். ஊற்று தொழிற்சாலைக்கோ பங்களாவுக்கோ போகும் குழாயில் இருந்தால், வெயில் காலத்தில் முதலில் அடைபடுவது உங்கள் வால்வுதான்.

எந்தக் கதவைத் தட்டுவது? இதில் நேர்மை வேண்டும். பூர்வகுடி மக்களின் அமைப்புகளுக்கென்றே தனி நிதிகள் இருக்கின்றன. ஐஃபாட் (ஐ.நா.வின் விவசாய அபிவிருத்தி நிதியம்) நடத்தும் பூர்வகுடி மக்கள் உதவி நிதி அப்படிப்பட்டது. இலங்கையில் அது தம்பானை, ரத்துகல போன்ற இடங்களின் ஆதிவாசி மக்களுக்கு உரிய இடம். 19ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகளான நாம் அந்தப் பெயரில் விண்ணப்பிப்பது தவறு. அவர்களுக்குப் போக வேண்டியதைத் தட்டிப் பறிப்பதும் ஆகும். ஆனால் அந்த நிதிகளின் விதிகளைப் படித்துப் பார்ப்பது நல்லது. சமூகமே முடிவெடுப்பது, சமூகமே கணக்கு வைப்பது என்று அவர்கள் கேட்கும் ஒழுங்கை நம் சங்கத்திலும் கொண்டுவந்தால் வேறு எந்தக் கொடையாளர் முன்னாலும் நிமிர்ந்து நிற்கலாம்.

நமக்குப் பொருந்தும் வாசல்கள் வேறு. உலகச் சுற்றாடல் வசதியின் சிறு மானியத் திட்டம் யூஎன்டிபி (ஐ.நா. அபிவிருத்தித் திட்டம்) வழியாக 1994 முதல் இலங்கையில் இயங்குகிறது. மண் அரிப்பு, உயிர்ப்பல்வகைமை, காலநிலை என்று பேசும் திட்டம் அதற்கு ஒத்துவரும். உங்கள் பங்களிப்பையும் அது எதிர்பார்க்கும். அடுத்தது ஜப்பான் தூதரகத்தின் அடிமட்ட மானியம். கட்டடம், தாங்கி, இயந்திரம் போன்றவற்றுக்குத்தான் தரும். சம்பளத்துக்கோ விதைக்கோ தராது. கனடாவின் உள்ளூர் முயற்சிகள் நிதி சிறிய சங்கங்களுக்கு எட்டக்கூடியது, ஆனால் கால அட்டவணை கொடூரம். அவர்களின் நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. வேலையும் கணக்கும் பெரும்பாலும் அதற்கு முன்பே முடிய வேண்டும். பணம் ஆவணி, புரட்டாசியில் வந்தால் கையில் ஒரே ஒரு போகம்தான். அந்தப் போகத்தின் கடைசியில், ஜனவரி, பெப்ரவரியில், நுவரெலியாப் பக்கம் உறைபனி விழுந்து போஞ்சியைக் கருக்கிவிடும். கனடா நிதிக்கு விண்ணப்பிக்கிறவர்கள் வேலி, தண்ணீர், மண் திருத்தம் மூன்றை மட்டும் கேட்டு, விளைச்சலை இலக்காக எழுதாமல் விடுவது புத்திசாலித்தனம்.

பருவத்தைப் பற்றி இன்னொன்று. ஹற்றன், தலவாக்கலை சரிவுகளுக்குத் தென்மேற்கு மழை மே முதல் செப்டெம்பர் வரை. பசறை, லுணுகலைக்கு மழை ஐப்பசியில் தொடங்கி மார்கழி, தை வரை. ஒரு மாவட்டத்தின் செயல் அட்டவணையை அப்படியே நகலெடுத்து மற்ற மாவட்டத்துக்குப் போட்டால் நாற்று நடும் மாதமே தப்பாகும்.

சரி, கணக்குக்கு வருவோம். 30 குடும்பம், அரை ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை ஏக்கர் சுமார் 2,000 சதுர மீற்றர். பாதை, வடிகால், சமமட்டத்தில் வைக்கும் வெட்டிவேர் வரிசை எல்லாம் போனால் பாத்திக்கு மிஞ்சுவது 1,200. குடும்பத்துக்கு 40 சதுர மீற்றர், அதாவது 1 மீற்றர் அகலம் 10 மீற்றர் நீளத்தில் நாலு பாத்தி.

பழைய தேயிலை மண் புளிப்பு மண். தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரை பிஎச் (மண்ணின் புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு கூடும்) ஒத்துவரும். காய்கறிக்கு 6ஐ ஒட்டி வேண்டும். புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புத் தூளான டொலமைட் சதுர மீற்றருக்கு 150 கிராம் என்றால் 180 கிலோ, 50 கிலோ மூட்டையில் நாலு. நடுவதற்கு மூன்று நாலு கிழமைக்கு முன்பே மண்ணோடு கொத்திக் கலக்க வேண்டும். கோழி எருவையும் டொலமைட்டையும் ஒரே நாளில் போட்டால் எருவின் சத்து அமோனியாவாக ஆவியாகிவிடும். எரு இரண்டு கிழமை கழித்துப் போகட்டும். மண் பரிசோதனைச் செலவையும் வரவுசெலவில் ஒரு வரியாகப் போடுங்கள். சிறு தொகைதான், ஆனால் டொலமைட்டின் அளவு எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் காட்டுவதற்குத் தாள் இருக்கும்.

வேலியில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். அரை ஏக்கர் சதுரமாக இருந்தால் சுற்றளவு 180 மீற்றர். நம் மலையில் சதுரக் காணி எங்கே கிடைக்கிறது? 20க்கு 100 என்று நீண்ட துண்டாக இருந்தால் அதே பரப்புக்கு 240 மீற்றர். கம்பி வலை அறுபது மீற்றர் குறைந்தால் அந்த ஓட்டை வழியாகவே காட்டுப்பன்றி வரும். நாடா பிடித்து அளந்த பிறகு விலை கேளுங்கள். வலையின் அடிப்பகுதி 30 சென்ரிமீற்றர் மண்ணுக்குள் போக வேண்டும், இல்லாவிட்டால் முள்ளம்பன்றி தோண்டிக்கொண்டு உள்ளே வரும். குரங்குக்கு எந்த வேலியும் இல்லை. குரங்கு வரும் பக்கத்தில் கிழங்கும் கீரையும் வையுங்கள்.

எல்லோரும் 1,000 லீற்றர் தாங்கி ஒன்று எழுதுகிறார்கள். வெயில் நாளில் சதுர மீற்றருக்கு 4 லீற்றர் என்றால் 1,200க்கு 4,800 லீற்றர். ஊற்று நிற்காமல் ஓடினால் சிறிய தாங்கி போதும். சொட்டுகிற ஊற்றென்றால் போதாது. ஒரு வாளியை வைத்து, அது நிறைய எத்தனை நிமிடம் என்று மார்ச் மாதம் பாருங்கள். மழைக்காலத்தில் அளந்த ஊற்று பொய் சொல்லும்.

விதை விஷயத்தில் அளவுக்கு மீறி வாக்குக் கொடுக்க வேண்டாம். போஞ்சி தன் மகரந்தத்தாலேயே காய்ப்பது, விதை எடுப்பது சுலபம். காய் செடியிலேயே காய வேண்டும். மழை பிடித்தால் செடியோடு பிடுங்கி அடுப்புக்கு மேலே புகை படத் தலைகீழாகத் தொங்கவிட்டு, பிறகு உரித்து, அடுப்புச் சாம்பல் கலந்து போத்தலில் அடைத்தால் வண்டு விழாது. பல்லால் கடித்தால் உடைய வேண்டும், பதிந்தால் இன்னும் காயவில்லை. கோவாவும் கரட்டும் பூக்கக் குளிர் வேண்டும். பெரும்பாலும் இறக்குமதி விதைதான். அந்த விதையை நாங்களே எடுப்போம் என்று எழுதினால் விவசாயம் தெரிந்த மதிப்பீட்டாளர் அங்கேயே பேனாவை மூடிவிடுவார். உருளை விதைக்கிழங்கையும் தவிர்க்கலாம்: வாடல் நோயும் நூற்புழுவும் அதனுடனேயே வரும். வற்றாளங்கொடி, வல்லாரை, பொன்னாங்காணி, சவ்சவ் எல்லாம் கொப்பு, காய் கொடுத்து வாங்கலாம். மரவள்ளி பசறைப் பக்கம் தாராளமாக வரும், நுவரெலியா உயரத்தில் கிழங்கு வைக்காது.

சங்கம் எதுவாகவும் இருக்கலாம்: பிரதேச செயலகத்தில் பதிந்த மாதர் சங்கம், தோட்டத்து வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கம், எதுவானாலும் யாப்பும் கூட்ட அறிக்கைப் புத்தகமும் வேண்டும். வங்கிக் கணக்கில் மூவர் பெயர், எந்த இருவராவது கையொப்பம் என்று வையுங்கள். இரண்டு பேராவது பெண்கள். அங்கேதான் ஒரு சிக்கல். வங்கி திறந்திருப்பது கொழுந்து பறிக்கும் நேரத்தில். ஹற்றனுக்குப் போய்வந்தால் அன்றைய பேர் (நாட்சம்பளத்துக்கான பதிவு) போய்விடும். அரைப் பேர் கூட வராது. அந்த இழப்புக்கும் பஸ் காசுக்கும் வரவுசெலவில் இடம் வைக்காவிட்டால் ஆறு மாதத்தில் கையொப்பம் வைப்பது தலைவர் ஒருவர்தான் என்று ஆகிவிடும். பயிற்சியும் அப்படியே: ஞாயிறு அல்லது மாலை ஐந்துக்குப் பிறகு. சங்கத்தின் உழைப்பைப் பங்களிப்பாகக் காட்டும்போது அன்று நடைமுறையில் உள்ள சம்பளச் சபை நாட்கூலியைப் போட்டு, கையொப்பமிட்ட வரவுப் பதிவோடு காட்டுங்கள்.

விலைமனு மூன்று எடுங்கள், ஆனால் அவை பெரும்பாலும் ஒரு மாதத்துக்குத்தான் செல்லும். பணம் வர ஆறு மாதம் ஆகலாம். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா சுமாரில் இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்டது. தாங்கி, குழாய், வலை போன்ற டொலரோடு ஏறும் பொருட்களை முதல் தவணையிலேயே வாங்கும்படி திட்டத்தை அமையுங்கள். விதை இரண்டாம் தவணைக்குப் போகலாம், ஆனால் அந்தத் தவணை முதல் அறிக்கை ஏற்கப்பட்ட பிறகே வரும். அறிக்கை ஒரு மாதம் பிந்தினால் போகமே பிந்தும்.

உங்கள் சங்கத்துக்குப் பதிவு போதாமல் வெளி நிறுவனம் ஒன்றின் மூலம் பணம் எடுக்க வேண்டி வந்தால், ஒப்பந்தத்தை விண்ணப்பத்துக்கு முன்பே எழுதுங்கள். நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம், தவணை வந்து எத்தனை நாளில் சங்கத்தின் கணக்குக்கு மாறும், திட்டம் முடிந்த பிறகு தாங்கியும் வேலியும் யாருக்கு, கணக்காய்வுக் கட்டணம் யார் கட்டுவது என்ற நாலும் அதில் இருக்க வேண்டும். ஒரு பிரதி தமிழில், சங்கத் தலைவியின் பெட்டியில்.