தோளில் விழுந்த பல்லி

நேற்று காலை காபி ஆற்றிக்கொண்டிருந்தபோது இடது தோளில் பொத்தென்று ஒரு பல்லி. நான் அலறிய அலறலில் வாலைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடியது. வால் மட்டும் அடுப்பு மேடையில் துடித்துக்கொண்டிருந்தது. அத்தை நிதானமாகப் பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலனைத் தேடினார்.

எனக்கோ, அது ஏன் விழுந்தது என்பதுதான் கேள்வி. டோக்கே என்ற பெரிய பல்லி வகையின் ஒரு பாதத்தில் சுமார் 5 லட்சம் நுண்மயிர்கள். பசையே இல்லை, மூலக்கூறுகளுக்கு இடையிலான மெல்லிய ஈர்ப்பான வான்டர்வால்ஸ் விசையால் ஒட்டுகிறது என்று 2002-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஈரத்தில் அந்தப் பிடி தளரும். சரிதான், எங்கள் அடுப்படிக் கூரை முழுக்க இட்லி ஆவி.

காஞ்சிபுரம் வரதராஜர் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டால் தோஷம் போகுமாம். அடுத்த வாரம் கிளம்புகிறோம். வாலிழந்த பல்லிக்கு என்ன பரிகாரம் என்று கேட்டேன். அத்தை முறைத்தார்.