மணப்பாட்டுக் கரையில் 20 மீட்டர் பேண்ட் வெர்டிகல்: எஸ்.டபிள்யூ.ஆர் ஏறியது, நியூசிலாந்து கிடைத்தது

நியூசிலாந்து கிடைத்துவிட்டது. ஹாம் ரேடியோவில், 20 மீட்டர் பேண்டில் (14 மெகாஹெர்ட்ஸ்), எஸ்.எஸ்.பி. என்ற குரல் முறையில், 50 வாட்டில், 5 மீட்டர் வயரில். வீட்டு மாடியில் கிடைமட்டமாகக் கட்டிய டைபோல் ஆன்டெனாவில் அந்தத் திசையை எவ்வளவு துழாவியும், மெல்லிய சிக்னலையும் கணினி படித்துவிடும் எஃப்.டி.8 முறையைத் தாண்டி எதுவும் அமைந்ததில்லை. தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாட்டில் அலை காலை நனைக்கும் இடத்தில் வெர்டிகலை (செங்குத்தாக நிற்கும் வயர் ஆன்டெனா) நிறுத்தியதும் ஒரே மாலையில் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் அடுத்தடுத்து வந்தன. தூரம் 11,000 கிலோமீட்டருக்கு மேல். எதிர்முனையில் இருந்தவர் லீனியர் (பவரைக் கூட்டும் பெருக்கி) வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். அந்தச் சந்தோஷம் இன்னும் அடங்கவில்லை.

மணப்பாடு என்றதும் நண்பர்கள் எல்லோரும் சொன்னது, கோயில் இருக்கும் மணல்குன்றின் மேல் வைக்கலாமே என்பதுதான். ஒரே திசையில் வீசும் யாகி ஆன்டெனா என்றால் சரி. வெர்டிகலுக்கு வேண்டியது உயரம் அல்ல, தண்ணீர். கடல்நீரின் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 5 சீமன்ஸ் அளவில் இருக்கும். சாதாரண மண்ணுக்கு 0.005. ஆயிரம் மடங்கு வித்தியாசம். 14 மெகாஹெர்ட்ஸ் அலை கடலுக்குள் 6 சென்டிமீட்டர் அளவுதான் ஊடுருவும். மீதி அப்படியே திரும்பிவிடுகிறது. அதனால்தான் மண்ணில் செத்துப்போகும் தாழ்கோணச் சிக்னல் கடலோரத்தில் உயிரோடு கிளம்புகிறது. 5 டிகிரி கோணத்தில் இந்த இரண்டுக்கும் 8, 9 டெசிபெல் வித்தியாசம் என்று நெக் (NEC) என்ற ஆன்டெனா கணிப்பு மென்பொருள் காட்டுகிறது. கிடைமட்ட டைபோலுக்கு இந்தச் சலுகை கிடையாது. அதே கரையில் சவுக்குக் கம்புகளில் 6 மீட்டர் உயரத்தில் கட்டிய டைபோல் பெரும்பாலும் மேல்நோக்கியே வீசியது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சிக்னல் ரிப்போர்ட்டில் வெர்டிகல் தெளிவாக முந்தியது.

எவ்வளவு பக்கத்தில் வைப்பது? வெர்டிகலின் நடு உயரத்தை 2.5 மீட்டர் என்று கொண்டால், 10 டிகிரியில் போகும் கதிர் 14 மீட்டர் தொலைவிலும் 5 டிகிரிக் கதிர் 28 மீட்டர் தொலைவிலும் தரையில் பட்டு எதிரொளிக்கும். ஆக, தண்ணீரிலிருந்து 30 மீட்டர் தள்ளி வசதியாக நிழல் பார்த்து நட்டால், 5 டிகிரிக்கு மேற்பட்டதெல்லாம் காய்ந்த மணலில்தான் படும். கடற்கரைக்குப் போயும் கடலை விட்டுவிட்ட கதை. இந்தப் பக்கம் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்குள்தான் என்பதால் நீர்விளிம்பிலேயே நிறுத்த முடிகிறது.

இப்போது எஸ்.டபிள்யூ.ஆர். ஆன்டெனா கேபிளோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் எண் அது; 1 என்றால் முழுப் பொருத்தம். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டும். இதே வெர்டிகல், இதே இரண்டு ரேடியல் (வெர்டிகலின் அடியிலிருந்து பக்கவாட்டில் இழுக்கும் வயர்), வீட்டுத் தோட்டத்தில் 1.1 காட்டியது. கரையில் 1.3. நானோவிஎன்ஏ என்ற கையடக்க ஆன்டெனா அளவியில் 38 ஓம்; கேபிளுக்கு வேண்டியது 50. இங்கேதான் பலர் பதறிப்போய் வயரை நறுக்க ஆரம்பிக்கிறார்கள். நறுக்காதீர்கள். கால்அலை (அலைநீளத்தில் கால் பங்கு) வெர்டிகலின் உண்மையான மின்தடை 36 ஓம் பக்கம்தான். தோட்டத்தில் 50 வந்தது என்றால் மீதி பதினான்கு, பதினைந்து ஓம் மண்ணின் இழப்பு. 50 வாட்டில் 14, 15 வாட் மண்ணைச் சூடாக்கிக்கொண்டிருந்தது. கடலோரத்தில் அந்த இழப்பு போய்விட்டது, அதனால்தான் எண் 50-ஐ விட்டு விலகியது. ரேடியல்களைக் கீழ்நோக்கிச் சரித்தால் 50-க்கு இழுக்கலாம். ஆனால் நுனி அலைக்கு அருகில் போய்விடும். 1.3-க்கு எந்த ரிக்கும் (ரேடியோப் பெட்டி) பவரைக் குறைக்காது. அப்படியே விட்டுவிட்டேன்.

நுனி அலைக்கு அருகில் போனால் என்ன ஆகும் என்பதைக் கண்ணால் பார்க்கலாம். முதலில் ரேடியல்களை முழங்கால் உயரத்தில் கரையோரமாக எதிரெதிர்த் திசையில் இழுத்திருந்தேன். அலை அடியில் ஓடி வரும்போதெல்லாம் நானோவிஎன்ஏ திரையில் எஸ்.டபிள்யூ.ஆர் கோட்டின் பள்ளம் இடப்பக்கம் நகரும். தண்ணீர் வடியும்போது மெல்லத் திரும்பும். இடுப்பு உயரத்துக்கு ஏற்றியதும் நின்றுவிட்டது. வயர் வீட்டு வயரிங்குக்குப் போடும் 1.5 சதுர மில்லிமீட்டர்தான். பிவிசி உறை இருப்பதால் கணக்கில் வரும் 5.06 மீட்டரைவிட ஒரு சாணாவது குறைவாகவே சரியாக அமரும்.

இரண்டு ரேடியல் மட்டும் என்றால் கேபிள் ஆன்டெனாவில் சேரும் ஃபீட்பாயின்ட்டில் சோக் (கேபிளின் வெளியுறையில் மின்னோட்டம் ஓடாமல் தடுப்பது) கட்டாயம். இல்லாவிட்டால் கேபிளே மூன்றாவது ரேடியல் ஆகிவிடும். சோக்குக்காக, ஆன்லைனில் 43 கலவை (ஒரு ஃபெரைட் வகை) என்று எழுதி வந்த ஒரு டோராய்டு வளையத்தில் சுற்றிப் பார்த்தால் வெறும் இண்டக்டன்ஸ்தான், சோக்குக்கு வேண்டிய மின்தடைப் பகுதி வரவேயில்லை. பணம் போனது போனதுதான். எந்த டோராய்டானாலும் நானோவிஎன்ஏவில் பார்த்த பிறகே டப்பாவுக்குள் போடுங்கள்.

கம்பத்தை நிறுத்த முளை அடித்துக்கொண்டிருந்தபோது வலை உலர்த்திக்கொண்டிருந்த அண்ணாச்சி ஒருவர் வந்தார். “தம்பி, இந்த மணல்ல முளை நிக்காது. சாக்குல மணலைக் கட்டி முழங்கை ஆழம் புதைங்க, கச்சான் அடிச்சாலும் அசையாது” என்றார். அசையவில்லை. கயிறு, தங்கூசி (நைலான் இழை) எல்லாம் தூத்துக்குடி வலைக்கடைகளில் வாங்கியது. உப்பும் வெயிலும் தாங்குகிறது. மரைன் போலீசுக்கு முன்கூட்டியே தகவல் சொல்லி, லைசென்ஸ் நகலைக் கையில் வைத்திருங்கள்.

உப்பு விஷயத்தில் ஒன்று மட்டும். இணைப்புகளை மூட வினிகர் வாசனை அடிக்கும் சிலிகான் வேண்டாம். அந்த அமிலமே செம்பை அரித்துவிடும். தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப், போல்ட்டுக்கு 316 ஸ்டெயின்லெஸ்.

நடுவில் இலங்கை இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: மெல்போர்ன் இங்கிருந்து 132 டிகிரி, கொழும்பும் ஏறக்குறைய அதே திசைதான். ஆனால் இலங்கைக் கரையை எட்டும்போது 5 டிகிரிக் கதிர் 20 கிலோமீட்டருக்கும் மேலே இருக்கும். முதல் சில நூறு மீட்டர் கடல் கிடைத்தால் போதும். ஐரோப்பா கதை வேறு. வடமேற்கே, நம் முதுகுப் பக்கம், முழுக்க நிலம். அந்தத் திசையில் மாடி டைபோலைவிடப் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை.

அதனால் அடுத்து கன்னியாகுமரி மாவட்டத்து முட்டம். பிரேசில் 248 டிகிரி, நேரே கடல்; தென்னாப்பிரிக்காவும் அப்படியே. தீவுகளுக்குப் போகும் டிஎக்ஸ் (தொலைதூரத் தொடர்பு) குழுக்கள் கட்டும் செங்குத்து டைபோல் ஜோடியை அங்கே கட்டிப் பார்க்க ஆசை: ஒன்று இயக்கம், பின்னால் ஒரு ரிஃப்ளெக்டர், ரேடியலே வேண்டாம். ஆனால் 20 மீட்டருக்கு ஓர் உறுப்பே 10 மீட்டர் நீளம். சவுக்குக் கம்பு அந்த உயரத்துக்கு வளைகிறது. 12 மீட்டர் ஃபைபர் கம்பம் தமிழ்நாட்டுக்குள் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அதற்குள் புது டோராய்டு வந்தால் சோக்கை மாற்றி, மணப்பாட்டிலேயே 15 மீட்டர் பேண்டுக்கும் ஒரு வயர் சேர்த்துப் பார்க்கிறேன். 73 (ஹாம்களின் வாழ்த்து).