டில்லாண்ட்சியா காம்ப்ளனேட்டாவைத் தேடிப் போகிறீர்களா? வரைபடப் புள்ளியை நம்ப வேண்டாம்

ஈக்வடாரின் மேகக் காட்டில் டில்லாண்ட்சியா காம்ப்ளனேட்டாவைக் கடைசியில் பார்த்துவிட்டேன். மரக்கிளைகளில் தொற்றி வளரும் இது, கோஸ்டா ரிகாவிலிருந்து பொலிவியா வரை பரவியிருக்கும் செடிதான். ஆனாலும் 'இந்த இடத்தில் இருக்கிறது' என்று சொல்லக்கூடிய ஒருவரைப் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

இணையத் தரவுத்தளத்தில்தான் தொல்லை ஆரம்பம். முன்பு சேகரித்து உலர்த்திய செடி மாதிரிகள் சிலவற்றின் சீட்டில் 'பிச்சிஞ்சா (கித்தோவை ஒட்டிய எரிமலை) மேற்குச் சரிவு' என்பதற்கு மேல் ஒன்றும் இருக்காது. பிற்பாடு யாராவது அதற்கு ஒரு அட்சரேகையும் தீர்க்கரேகையும் போட்டுவிடுகிறார்கள். நான் பார்த்த பதிவின் புள்ளி தலைநகர் கித்தோவின் வீடுகளுக்கு நடுவே நின்றது.

சரி, மூலச் சீட்டையே பார்த்துவிடலாம் என்று உலர்ந்த செடி மாதிரிகளைச் சேமித்து வைக்கும் ஒரு ஹெர்பேரியத்துக்கு எழுதினேன். பாஸ்போர்ட் போதும் என்று பதில் வந்தது. நேரில் போனால் வாசலில் இருந்த ஊழியர், ஸ்பானிய மொழியில் முத்திரையிட்ட கடிதம் இல்லாமல் விடமாட்டேன் என்றார். அவர்களுடைய மின்னஞ்சலைக் காட்டினேன், படித்துக்கூடப் பார்க்கவில்லை. நீங்கள் போகும்போது கடிதத்தைக் கையோடு கொண்டுபோங்கள். பிறகு கடிதத்தோடு போனபோது உள்ளே இருந்த ஆய்வாளர் அன்பாகத் தாள்களை எடுத்துக் கொடுத்தார். ஒரு சீட்டில் நோனோ–மிந்தோ பழைய சாலை, உயரம் சுமார் 2,200 மீட்டர் என்று தெளிவாக இருந்தது. சாலைப் பெயரும் உயரமும் இருக்கும் சீட்டு கிடைத்தால் அதைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இதைச் சொல்லியும், ஒரு பயண முகவர் "புரோமெலியாட் எல்லாம் மிந்தோவில்தான்" என்று வேனில் ஏற்றிவிட்டார். புரோமெலியாட் என்றால் அன்னாசிக் குடும்பச் செடிகள், நான் தேடியதும் அதில் ஒன்று. மிந்தோ ஊர் ஏறத்தாழ 1,250 மீட்டரில் இருக்கிறது. அதே குடும்பத்தின் வேறு செடிகளான சிவந்த குஸ்மேனியாக்களைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். அழகுதான், ஆனால் நான் தேடி வந்தது அதுவல்ல. கொடுத்த பணமும் திரும்பவில்லை.

அப்புறம் நானே கித்தோவின் லா ஒஃபேலியா நிலையத்தில் பஸ் பிடித்து, நானேகலித்தோவில் இறங்கி, அங்கிருந்து பிக்கப் வண்டியில், சீட்டில் இருந்த அந்தப் பழைய சாலை போகும் தண்டயாப்பா மலைக்கு மேலே போனேன்.

கழுத்தை ஒடித்துக்கொண்டு மர உச்சியைப் பார்க்கத் தேவையில்லை. இலைக்குவளைகளில் தேங்கும் நீரின் கனம் தாங்காமல் கிளைகள் முறிந்து சாலையோரத்தில் கிடக்கும், அவற்றைப் பாருங்கள். இதன் உறவுச் செடிகள் பலவற்றில் நடுவிலிருந்து ஒரே ஒரு பூந்தண்டு எழும். இதிலோ இலைக்கக்கங்களிலிருந்து, அதாவது இலை தண்டோடு சேரும் இடுக்குகளிலிருந்து, மெல்லிய பூந்தண்டுகள் பல பக்கவாட்டில் நீளும். முறிந்த ஒரு கிளையில் அப்படியே கண்டதும் எனக்குக் கைகால் ஓடவில்லை. கத்தியே விட்டேன்!

காலையிலேயே போய்விடுங்கள். மதியத்துக்கு மேல் மேகம் ஏறிவிட்டால் பத்தடி தூரத்து மரம்கூடத் தெரியாது. அனுமதி இல்லாமல் செடியைப் பறிப்பது அங்கே குற்றம், கீழே விழுந்து கிடப்பதையும் எடுக்காதீர்கள். பிக்கப் ஓட்டுநரிடம் திரும்பும் நேரத்தை ஏறும்போதே பேசி முடித்துவிடுங்கள். நான் நின்ற இடத்தில் செல்பேசிக்குச் சிக்னலே இல்லை.