ஒரு பையனுக்கு நான்கு பெயர்கள்

மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்த முதல் வருடத்தில், இருமலை வீட்டில் எப்படிக் கவனிப்பது என்ற இரண்டு பக்கத் துண்டறிக்கை ஒன்று என்னிடம் வந்தது. எளிய ஆங்கிலம். சீக்கிரமே முடித்து அனுப்பிவிட்டேன். மறுநாள் மேலாய்வு செய்பவர் போனில் கூப்பிட்டார்.

"முதல் பக்கத்தில் குழந்தைகளுக்குத் தேன் கொடுக்கவே கூடாது என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த பக்கத்தில் இருமுகிற குழந்தைக்கு ராத்திரி ஒரு கரண்டி தேன் கொடுக்கலாம் என்கிறீர்கள். படிக்கிற அம்மா எதைச் செய்வார்?"

மூலத்தை எடுத்துப் பார்த்தேன். அதில் முரண்பாடே இல்லை. முதல் இடத்தில் 'இன்ஃபன்ட்', அதாவது ஒரு வயது நிரம்பாதது; இரண்டாம் இடத்தில் 'சைல்ட்', அதைவிடப் பெரியது. இரண்டையும் நான் 'குழந்தை' ஆக்கியிருந்தேன். தேனில் சில சமயம் ஒரு பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். 12 மாதம் நிரம்பாத குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கலாம். பொட்யூலிசம் என்ற அந்த நோய் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அந்த ஒரு வேறுபாட்டைத்தான் நான் அழித்திருந்தேன். துண்டறிக்கை அச்சுக்குப் போகாமல் தப்பியது மேலாய்வாளர் கண்ணில் பட்டதால்தான். அதை நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

'கைக்குழந்தை' என்று மாற்றலாமா என்று கேட்டேன். நல்ல சொல்தான், ஆனால் எத்தனை மாதம் வரை கைக்குழந்தை என்று வீட்டுக்கு வீடு கணக்கு மாறும் என்றார். கடைசியில் 'ஒரு வயது நிரம்பாத குழந்தை' என்று போட்டோம். நீளம்தான். ஆனால் தவறாகப் படிக்க வழியில்லை.

அதற்கப்புறம் இந்தச் சொற்களை விடாமல் கவனிக்க ஆரம்பித்தேன். மருத்துவத்தில் பிறந்து 28 நாள் வரை 'நியோநேட்', ஒரு வயது வரை 'இன்ஃபன்ட்', தத்தித் தத்தி நடக்கத் தொடங்கியதும் 'டாட்லர்'. வரிசை ஒழுங்காகத்தான் இருக்கிறது, மருத்துவத்தை விட்டு வெளியே வரும் வரை. இங்கிலாந்தில் 'இன்ஃபன்ட் ஸ்கூல்' என்றால் ஏறக்குறைய 4 முதல் 7 வயதுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி. அந்நாட்டுப் பழைய சட்ட ஆவணங்களில் 20 வயதுக்காரர்கூட 'இன்ஃபன்ட்'தான். 1969-இல் வந்த சட்டம்தான் முழு வயதை, அதாவது சட்டப்படி பெரியவராகும் வயதை, 21-லிருந்து 18-க்குக் குறைத்தது. லத்தீனில் அந்தச் சொல்லின் வேர்ப்பொருள் 'பேசாதது'. எந்தத் துறைத் தாள் என்று பார்க்காமல் அகராதியை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம்.

பெரிய பிள்ளைகளிடம் வந்தால் இன்னும் சிக்கல். 1989-இல் ஐ.நா. ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின்படி 18 வயதுக்கு உட்பட்ட எல்லாரும் 'சைல்ட்', அவருக்குப் பொருந்தும் சட்டம் முன்னதாகவே முழு வயது கொடுத்திருந்தால் ஒழிய. உலக சுகாதார நிறுவனத்துக்கு 10 முதல் 19 வரை 'அடோலசென்ட்', 10 முதல் 24 வரை 'யங் பீப்பிள்'. ஐ.நா. புள்ளிவிவரங்களில் 15 முதல் 24 வரை 'யூத்'. ஆக, 17 வயதுப் பெண் ஒருத்தி ஒரே அறிக்கையின் நான்கு அட்டவணைகளிலும் வருவாள். அவளைத் தமிழில் 'குழந்தை' என்றால் காதில் ஒட்டவில்லை. 'இளைஞர்' என்றால் பலருக்கு ஆண்பிள்ளை முகம்தான் தோன்றுகிறது. 'சிறார்', 'வளரிளம் பருவத்தினர்', 'இளையோர்' என்று பிரித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் வயதையும் எண்ணில் எழுதிவிடுவது என் வழக்கம். 'டீனேஜர்' ஆங்கிலத்தில் 13-இல்தான் தொடங்கும், ஏனென்றால் எண்ணுப் பெயரில் 'டீன்' அங்கேதான் வருகிறது. நம் 'பதின்' பதினொன்றிலேயே வந்துவிடுகிறதே! 'மைனர்' என்பதை அப்படியே தமிழில் எழுதினால் செயினும் செண்டுமாக வேறொரு ஆள் வந்து நிற்பார். '18 வயது நிரம்பாதவர்' என்றுதான் எழுதுகிறேன்.

'கிட்' மட்டும் எனக்குப் பிரியமான சொல். அது முதலில் ஆட்டுக்குட்டி, பிறகுதான் பிள்ளை. நாமும் குட்டி என்று பிள்ளைகளைக் கொஞ்சுகிறோம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு மொழிகள் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

இதையெல்லாம் வயதுக் கணக்கு என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது ஒரு வழக்குக் கோப்பு. கடையில் திருடியதாகப் பிடிபட்ட 15 வயதுப் பையன். காவலரின் குறிப்பு முழுக்க 'தி ஜுவனைல்' என்ற சட்டச் சொல். பரிசோதித்த மருத்துவர் 'அடோலசென்ட் மேல்' என்று எழுதியிருந்தார். அம்மாவின் வாக்குமூலத்தில் 'மை பேபி'. பையன் தன்னையும் நண்பர்களையும் சொல்லும்போது 'வீ கிட்ஸ்'. வயது ஒன்றுதான், ஆளும் ஒருவன்தான். பேசுகிறவர்கள்தான் அவனை வெவ்வேறு தூரத்தில் வைத்திருக்கிறார்கள். காவலர் எழுதியதில் அவனுக்கு முகமே இல்லை. அம்மா சொன்னதிலோ அவன் இன்னும் இடுப்பில் இருக்கிறான்.

எங்கள் வேலையில் ஒரு ஆளுக்கு ஒரு சொல் என்பது விதி. மென்பொருளே சொல் மாறினால் சிவப்புக் கோடு போடும். நான் மாற்றித்தான் எழுதினேன்: காவலருக்கு 'இளஞ்சிறார்', மருத்துவருக்கு 'வளரிளம் பருவ ஆண்', பையனுக்கு 'சின்னப் பசங்க நாங்க'. 'மை பேபி'தான் ஒரு நாள் முழுக்க இழுத்தது. 'என் குழந்தை' என்று எழுதி, அடித்துவிட்டு, 'என் பிள்ளை' என்று எழுதினேன்.

எதிர்பார்த்தபடியே மேலாய்விலிருந்து கேள்வி வந்தது: 'ஒரே நபருக்கு நான்கு சொற்கள். ஒன்றாக்கவும்.' ஒவ்வொரு பக்கத்திலும் பேசுவது யார் என்று குறித்து, நான்கையும் அப்படியே விடும்படி பதில் அனுப்பினேன். மூன்றை ஏற்றுக்கொண்டார்கள். 'சின்னப் பசங்க' மட்டும் பேச்சுவழக்கு என்று 'சிறுவர்கள் நாங்கள்' ஆகிவிட்டது. பையன் அப்படிப் பேசியிருக்க மாட்டான்.