கூப்பிட்டால் எழுந்து வராத பெயர்கள்

அயர்லாந்துக்கு வந்த முதல் வாரம். கார்க் நகரில் ஒரு மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவில் எனக்கு வேலை. கையில் ஒரு கத்தைக் கோப்புகள். மேலே இருந்ததை எடுத்து, என்-ஐ-ஏ-எம்-எச் என்று மனத்துக்குள் எழுத்துக்கூட்டி, "நியாம்" என்று கூப்பிட்டேன். யாரும் எழவில்லை. எச் விட்டுப்போனதால்தானோ என்று "நியாம்ஹ்" என்றேன். மூலையில் இருந்த ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி, "நீவ்" என்றாள். அடுத்த கோப்பு எஸ்-ஐ-ஓ-பி-எச்-ஏ-என். "சியோபான்" என்றேன். அது ஷிவான். அதற்கடுத்து டி-ஏ-டி-எச்-ஜி என்று ஒரு சிறுவன். வாயே திறக்காமல் அவன் அம்மாவிடம் நேராகப் போய்க் கோப்பை நீட்டிவிட்டேன். அவன் பெயர் டைக்.

ஆங்கிலத் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்துத்தான் புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இங்கே வந்திருக்கிறேன். அந்தத் தேர்வில் நீவும் ஷிவானும் வரவில்லை.

அன்று மதியம் தேநீர் அறையில், "என்ன எழுத்து இது, எழுதுவது ஒன்று, படிப்பது ஒன்று" என்று புலம்பினேன். எங்கள் பிரிவின் மூத்த செவிலியர் ஒருவர், மேற்குக் கெர்ரியில், இந்நாட்டின் பழைய மொழியான ஐரிஷ் பேசும் ஊரில் பிறந்தவர், என் அடையாள அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தார். "உன் பெயரில் இசட்-எச் என்று இருக்கிறதே, அதை எப்படிப் படிப்பது?" என்றார். என் பெயர் தேன்மொழி. ஒரு வாரமாக எல்லோரும் என்னைத் 'தென்மோசி' என்று கூப்பிடுகிறார்கள் என்று ஊருக்குப் போன் போட்டு அழாத குறையாகச் சொல்லியிருந்தேன். ழகரத்துக்கு ஆங்கிலத்தில் எழுத்து இல்லாமல் நாம் இசட்-எச் போட்டுச் சமாளிக்கிறோம். அதைப் படிக்கத் தெரியாதவர்மேல் கோபமும் படுகிறோம். நான் செய்திருந்ததும் அதேதான். வாயை மூடிக்கொண்டு பாடம் கேட்டேன்.

பாடம் கடினமாகவே இல்லை. பழைய ஐரிஷ் எழுத்து வரிசையில் மொத்தம் 18 எழுத்துகள்தான். அதில் 'வ' ஒலிக்குத் தனி எழுத்து கிடையாது. பி-யோடு எச் சேர்ந்தால் வ. எம்-மோடு சேர்ந்தாலும் வ. சில இடங்களில் அது நம் 'உவ'போலக் குழையும். டி-எச், ஜி-எச் இரண்டும் பெயரின் கடைசியில் வந்தால் பெரும்பாலும் காற்றோடு காற்றாகப் போய்விடும். இந்த எச்கூடப் பின்னால் வந்ததுதான். பழைய அச்சில் மெய்யெழுத்தின் தலையில் ஒரு புள்ளி வைப்பார்களாம். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பழைய எழுத்துருவைக் கைவிட்டபோது புள்ளி இருந்த இடத்தில் எச் வந்து உட்கார்ந்துகொண்டது. மெய்யின் தலையில் புள்ளி என்றதும் நான் எழுந்தே விட்டேன். நம் புள்ளி உயிரை எடுக்கும், அவர்கள் புள்ளி வல்லோசையைக் கரைக்கும், அவ்வளவுதான் வேறுபாடு.

குறில் நெடிலும் உண்டு. உயிரெழுத்தின் மேல் சாய்வாக ஒரு கோடு இழுத்தால் நெடில். அந்தக் கோட்டுக்குப் பெயர் 'ஃபாடா', அந்தச் சொல்லுக்கே 'நீண்ட' என்றுதான் பொருள். ஷான் என்ற பெயரில் கோட்டை மறந்துவிட்டால் 'ஷன்' ஆகிவிடும். 'ஷன்' என்றால் 'பழைய' என்று பொருள். கோடு போடத் தெரியாத கணினிகள் எத்தனை பச்சைக் குழந்தைகளைக் கிழவர்களாக்கியிருக்கின்றன என்று அவர் சொல்லிச் சிரித்தார்.

என்னை முழுதாகக் கவிழ்த்தது விளி வேற்றுமை. பள்ளியில் எட்டாம் வேற்றுமை என்று உருப்போட்டோமே, கண்ணன் 'கண்ணா' ஆவதும் வேலன் 'வேலா' ஆவதும், அது இங்கேயும் இருக்கிறது. ஷேமஸ் என்பவனைக் கூப்பிடும்போது 'அ ஹேமிஷ்' என்பார்கள். பெயரின் தலையே மாறிவிடும். ஸ்காட்லாந்தில் ஹேமிஷ் என்ற பெயர் பிறந்தது இப்படித்தான். அங்குள்ள கேலிக் மொழியிலும் இதே முறைதான். யாரோ கூப்பிட்டது காதில் விழுந்து, அதுவே பெயராக நின்றுவிட்டது. 

அதன் பிறகு கோப்பைத் திறந்தால் பொருள் கேட்பது பழக்கமாகிவிட்டது. நீவ் என்றால் ஒளி. அந்தப் பெயரில் ஒரு தேவதைக் கதை இருக்கிறது. இளமை மாறாத நாட்டிலிருந்து வெள்ளைக் குதிரையில் வந்து ஒரு வீரனை அழைத்துப் போகிறாள். முந்நூறு ஆண்டு கழித்து அவன் ஊர் திரும்பி, குதிரையிலிருந்து மண்ணில் விழுந்ததும் தொண்டு கிழவனாகிவிடுகிறான். புலம்பெயர்ந்தவர்கள் இந்தக் கதையை இரவில் கேட்காமல் இருப்பது நல்லது. அந்த வீரன் பெயர் உஷீன், மான்குட்டி என்று பொருள். அவன் தாய் மானாக மாற்றப்பட்டவள். ரோனான் குட்டிக் கடல்நாய். டைக் புலவன். சீர்ஷா என்றால் விடுதலை. புராணத்தில் தேடினால் கிடைக்காது, இருபதாம் நூற்றாண்டில், நாடு விடுதலை பெற்ற காலத்தை ஒட்டிப் பிள்ளைகளுக்கு வைக்கத் தொடங்கிய பெயர். 2021-இல் இந்நாட்டில் பெண் குழந்தைகளுக்கு மிக அதிகமாக வைத்த பெயர் ஃபீயா. காட்டுத்தனம் என்றும் மான் என்றும் சொல்கிறார்கள். எனக்கு மான்தான் பிடித்திருக்கிறது. ஷிவான் மட்டும் ஏமாற்றிவிட்டாள். அது நார்மானியர் கொண்டுவந்த பிரெஞ்சுப் பெயர், யோவான் என்பதன் பெண்பால்.

முதியவர்களின் கோப்புகள் வேறு மாதிரி. கார்க் பக்கத்தில் எண்பது வயதுக்காரர்களில் ஜெரமையா, திமொதி, கொர்னேலியஸ் என்று நிறையப் பேர். ஏதோ பைபிள் பக்தி மிகுந்த ஊர் என்று நினைத்திருந்தேன். மூத்த செவிலியர் திருத்தினார். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்து வழக்கம் இது, அவர்கள் போன பிறகும் நின்றது. பதிவேட்டில் டைக் என்று எழுத இடமில்லை. ஓசையில் ஏதோ ஒட்டுகிறது என்று திமொதி என்று எழுதினார்கள். டீர்மிட் ஜெரமையா ஆனான், கொன்ஹோவர் கொர்னேலியஸ் ஆனான். 1893-இல் ஐரிஷ் மொழிச் சங்கம் தொடங்கிய பிறகே பழைய பெயர்கள் மெல்லத் தலைகாட்டின. ஒரு நாள் திமொதி என்ற தாத்தாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தான் டைக் என்ற பேரன். இருவருக்கும் ஒரே பெயர் என்று அப்போது எனக்குத் தெரிந்திருந்தது.

இத்தனைக்கும் இந்தப் பெயர்க்காரர்களில் பெரும்பாலோருக்கு ஐரிஷ் சரளமாக வராது. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பேசத் தெரியும் என்றவர்கள் சுமார் 18.7 லட்சம், பள்ளிக்கு வெளியே தினமும் பேசுகிறவர்கள் 72 ஆயிரத்தைத் தொடவில்லை. மொழி வாயை விட்டுப் போய்ப் பெயரில் தங்கியிருக்கிறது. நம்மூரில் நாள் முழுக்கத் தமிழில் பேசிவிட்டு, பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போது மட்டும் 'ஷ்' எங்கே 'க்‌ஷ்' எங்கே என்று தேடுகிறோம். என் அண்ணன் வீட்டு இரண்டு பிள்ளைகளின் பெயரிலும் அது இருக்கிறது.

அண்ணனைச் சொல்லக் காரணம் உண்டு. எங்கள் அப்பா பெயர் கருப்பையா. பள்ளியில் நான் க. தேன்மொழி, அண்ணனும் க-தான். அந்த 'க'-வை யார் விரிக்கச் சொன்னாலும் இருவருக்கும் தொண்டை அடைக்கும். அப்பா பஸ் நடத்துனர். அவரும் சிறு வயதிலிருந்து கேலி கேட்டவர்தான். இங்கே கடவுச்சீட்டில் அவர் பெயரே என் குடும்பப் பெயராகிவிட்டதால், வீட்டுக்கு வரும் கடிதம் ஒவ்வொன்றும் கருப்பையா என்றே வருகிறது. நான் கருவுற்றிருந்தபோது மூத்த செவிலியர் அதற்கும் பொருள் கேட்டார். கறுத்தவர், எங்கள் ஊர் எல்லையைக் காக்கும் தெய்வம் என்றேன். "அடடே, கீரான்!" என்றார்.

சி-யில் தொடங்கும் பெயர். ஐரிஷில் சி எப்போதும் க. 'கியர்' என்றால் கருமை, 'ஆன்' என்பது செல்ல விகுதி. கருப்பன், குட்டிக் கருப்பன். ஆறாம் நூற்றாண்டில் ஷானன் ஆற்றங்கரையில் க்ளான்மக்னாய்ஸ் மடத்தை நிறுவிய துறவியின் பெயரும் இதுவே. இதைச் சொல்ல ஒருவருக்கும் இங்கே தொண்டை அடைப்பதில்லை.

பையன் பிறந்தான். மூன்று மாதத்துக்குள் பதிய வேண்டும். பதிவாளர், "ஏ-யின் மேல் ஃபாடா உண்டா?" என்று கேட்டார். உண்டு என்றேன். ஐரிஷில் நெடில், வீட்டில் குறில். நடுப்பெயராகக் கருப்பையா, கடைசியில் என் கணவர் பெயர் சேகர்.

அன்று மாலை அப்பாவுக்குப் போன் செய்தேன். "கீரன் என்றால் நக்கீரன் கீரனா?" என்றார், நெற்றிக்கண்ணுக்கும் அஞ்சாத புலவரின் பெயர் பேரனுக்கு வாய்த்த பெருமையில்.

"தமிழில் அதுதான் அப்பா. இந்த ஊர் மொழியில் கருப்பையா."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "பள்ளியில் கேலி செய்ய மாட்டார்களே?"

"வகுப்புக்கு ஒரு கீரான் இருப்பான், அப்பா."

"சரி, இனிஷியல் என்ன போட்டிருக்கிறீர்கள்?"

"இங்கே இனிஷியல் கிடையாது, அப்பா. எல்லாப் பெயரையும் முழுதாக எழுதச் சொல்கிறார்கள்."