கறுப்புக் களியில் காணாமல் போன ஓடுகள்

எங்கள் ஊர் ஆரியங்காவு. திருச்செங்கோட்டு போர்வெல் லாரியில் மாமா பல வருடம் வேலை பார்த்தவர். எம்.எஸ்சி. ஜியாலஜி ப்ராஜெக்டுக்குக் கொல்லம் பக்கத்தில் எடுத்த கோர் கிடைத்திருக்கிறது என்று சொன்னதும், "மண்ணுக்கு ஜாதகம் பாக்கப் போறியாட்டி?" என்று கேட்டார்.

அவர்கள் லாரி வெளியே ஊதித் தள்ளுவது பொடி. மேலேயிருந்து சரிந்த மண்ணும் அதோடு கலந்துதான் வரும். அதனால் ஓர் உயிரி கடைசியாக எந்த ஆழம் வரை இருக்கிறது என்பதைப் பொடியை வைத்துச் சொல்வது ஆபத்து. கோர் என்றால் பாறை உருளையாகவே வெளியே வரும், அடுக்கு கலையாது. ஆனால் மூன்று மீட்டர் துளைத்தால் மூன்று மீட்டரும் கையில் வரும் என்று கனவு காணக்கூடாது. மணல் பகுதி தண்ணீரோடு போய்விடும், பெட்டியில் அந்த இடம் வெறுமையாகக் கிடக்கும்.

முதல் வேலை சுரண்டுவது. கோரின் வெளித்தோலில் துளையிடும் சேறு ஒட்டியிருக்கும். அப்புறம் உடைத்து, காயவைத்து, நீர்த்த ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறப்போட வேண்டும். களி நுரைத்து இளகும். அதற்குமேல் விட்டால், நாங்கள் தேடும் ஃபோராமினிஃபெரா என்ற நுண்ணிய கடலுயிரிகளின் சுண்ணாம்பு ஓடுகளையும் அரித்துவிடும். 63 மைக்ரான் சல்லடையில் அலசி, மிஞ்சுவதை உலர்த்தி, மைக்ராஸ்கோப்பின் கீழ் ஈரத் தூரிகை நுனியால் ஃபோராமினிஃபெரா ஓடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். ஒரு சாம்பிள் முடிந்ததும் சல்லடையை மெத்திலீன் நீலத்தில் முக்கி எடுப்போம். அடுத்த சாம்பிளில் நீல ஓடு தென்பட்டால் அது முந்தையதிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த விருந்தாளி. யார் கண்டுபிடித்த தந்திரமோ, கும்பிடலாம்.

என்னைக் கவிழ்த்தது கறுப்புக் களி. ஆறு சாம்பிள் அலசியும் ஓர் ஓடுகூட இல்லை. 'கடல் படிவு அல்ல' என்று நோட்டில் எழுதியே விட்டேன். வழிகாட்டி ஐயா பெட்டியைத் திறந்து பார்த்தார். களியின் மேல் ஊசி ஊசியாக ஜிப்சம் படிகங்கள். "இது எத்தனை வருஷம் ஷெட்ல கிடந்துச்சு?" என்றார். களியில் பைரைட், அதாவது இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம், இருந்திருக்கிறது. காற்றும் ஈரமும் பட்டால் அதிலிருந்து அமிலம் உண்டாகும். அமிலம் சுண்ணாம்பு ஓட்டைத் தின்னும், மிச்சம் ஜிப்சமாகப் பூக்கும். அதாவது என் புதைபடிவங்கள் கடலடியில் பத்திரமாக இருந்துவிட்டு, ஷெட்டில் வந்து செத்திருக்கின்றன! இருக்கும் கோரை ஒழுங்காக மூடி வைக்கக்கூட ஆளில்லாத அந்த ஷெட்டை நினைத்தால் இப்போதும் ஆத்திரம் வரும்.

கெட்டியான துண்டுகளாகத் தேடி, வெளிப்பக்கத்தைத் தாராளமாகச் செதுக்கித் தள்ளிவிட்டு நடுப்பகுதியை மட்டும் அலசினேன். நாலாவது துண்டில் ஓடுகள் வந்தன. அதற்குக் கீழே சுண்ணாம்புக்கல்லில் பருப்பு அளவு வட்டுகள், வெறும் கண்ணுக்கே தெரிந்தன. சூடோடாபெரினா மலபாரிகா என்ற பெரிய ஃபோராம். 1853இல் கார்ட்டர் விவரித்த இனம். அஷ்டமுடிக் காயல் கரையில் படப்பக்கரைச் சுண்ணாம்புக்கல்லிலும் இதைப் பார்க்கலாம். நம் பகுதியில் இது முன் மயோசீனின் பர்டிகாலியன் என்ற புவியியல் காலத்துக்கு அடையாளம்; இது கிடைத்தால் பாறையின் வயது தெரிந்துவிடும். அன்று இரவு மெஸ்ஸில் என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை.

அதற்கு மேலே வர்க்கலைப் படிவின் மணலும் லிக்னைட்டும். அங்கே ஃபோராம் உதவாது, மகரந்தம்தான் வழி. அதைப் பிரிக்க ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் வேண்டும். எங்கள் லேப் வசதிக்கு அந்த விஷப்பரீட்சை வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

ஊருக்கு வந்ததும் மாமா கேட்டார், "சரி, வயசு என்ன?"

"ரெண்டு கோடியே நாலு லட்சம் வருஷத்துக்கும் ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கும் நடுவுல, மாமா."

"நாப்பத்தி நாலு லட்சம் வருஷம் முன்னப்பின்னயா? நான் பத்தடி தப்பாச் சொன்னாலே வீட்டுக்காரன் துட்டு தரமாட்டான்டி."